தெருக்கடைசி வீடு

இண்டூர் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு அங்கன்வாடி டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, காதைக் கழற்றி வைக்க முடியாதே. சின்னவர் மடியில் ஒரு படப் புத்தகம் விரிந்திருந்தது.

“இந்த வூடு மட்டும் எங்க புள்ளைங்க கண்ணுக்குத் தெரியவே மாட்டேங்குதுங்க்கா” என்றார் அவர்.

“எந்த வூடு?”

“இந்தப் படத்துல தெருக்கடைசி வூடு. ‘நம்ம ஊரு’ பாடம். ஒவ்வொரு வூட்டுலயும் யாரு இருக்காங்கன்னு கேட்டேன். கடக்காரரு, நர்ஸம்மா, எல்லாம் சொல்லுச்சுங்க. இங்க மட்டும் யாருமே இல்லங்குதுங்க.”

“வாசல்ல ஒரு பொம்பள துணி காயப்போடுறாளே!”

“அதத்தான் நானும் காட்டுனேன். இல்லவே இல்லன்னு தலயாட்டுதுங்க. அப்பறம்தான் வெளங்குச்சு. எங்க ஊர்ல தெருக்கடைசி வூட்ட ஒதுக்கி வெச்சிருக்காங்க. அவங்களோட யாரும் பேசக் கூடாது.”

“மூணு வயசுப் புள்ளைங்களுக்கு இத யாரு சொன்னாங்க?”

“தெரியலைங்க்கா. அந்த வூட்டுப் புள்ளையும் எங்கிட்டதான் வருது. நீ சொல்லு சாமின்னு பக்கத்துல ஒக்கார வெச்சேன்.”

“என்னா சொல்லுச்சு?”

சின்னவர் புத்தகத்தை மூடினார்.

“அந்தப் பொம்பள மேல கைய வெச்சு மறச்சுக்கிட்டு, ‘இங்க யாருமே இல்ல டீச்சர்’னுச்சு.”