ப்ரியாவின் பிரைவேட் கீ

எங்கள் வீட்டு பீரோவுக்கு ஒரே சாவிதான். நானும் ப்ரியாவும் பொதுவாகத்தான் வைத்திருக்கிறோம். பெண்டாட்டிக்கென்று தனிச்சாவி எதற்கு என்று நினைக்கிற ஆள் நான். இது புரிந்தால் மற்றதும் புரிந்துவிடும் சார்.

தொண்ணூற்றொன்பதில் டவுணில் உங்கள் கிளை ஆபீஸ் திறந்ததிலிருந்து இருவருக்கும் அங்கேதான் வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு ப்ரியா ரிப்போர்ட் அடிப்பாள். கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. ரிப்போர்ட் போகிற சர்வர் முகம் பார்க்காது. ஆளுக்கொரு சர்டிபிகேட், அதற்கு ஜோடியாக ஒரு பிரைவேட் கீ. இரண்டும் பொருந்தினால் உள்ளே விடும். அந்தக் கீ அவரவர் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக்கூடாது என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான்தான். ப்ரியாவுடையதை மட்டும் ஃப்ளாப்பியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கட்டின புருஷன் ‘எல்லோரிலும்’ சேர்த்தி இல்லையே.

அவள் ரிப்போர்ட்டில் பிழை இருக்காது. அதனால்தான் சென்னைத் தலைமை ஆபீஸில் பயிற்சி கொடுக்க அவளைக் கூப்பிட்டீர்கள். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவளுக்குச் சென்னை ஒத்துக்கொள்ளாது. அது தெரியாமல் துணிமணி எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் தன் அம்மாவோடு பாபநாசம் போன அன்று, அவள் பெயரில் சர்வருக்குள் போனேன். முந்தின நாள் அவள் அனுப்பியிருந்த ரிப்போர்ட்டுகளைத் திறந்தேன். சின்னச் சின்னப் பிழைகள்தான். ஒருவருடைய இடது காலை வலது காலாக்கினேன். ஒரு டீச்சரம்மாவுக்குப் பென்சிலின் அலர்ஜி உண்டு என்றிருந்தது. இல்லை என்று ஆக்கினேன்.

அங்கே ஊசி போட்டுவிட்டார்கள். அந்த அம்மாள் இறந்ததில் எனக்கும் வருத்தம்தான். நம்மூரில் கம்பவுண்டர்கூடத் தோலில் ஒரு சொட்டு குத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். அமெரிக்காவில் அந்தப் பொறுமை இல்லை போல.

ப்ரியாவுக்கு வேலை போயிற்று. சாப்பிடாமல் கிடந்தாள்.

“பென்சிலின் ஆகாதுன்னுதான் அடிச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு. நீங்களாவது நம்புதீங்களா?” என்றாள்.

“யாருக்கும் கை தவறும். பைய மறந்துரு” என்றேன்.

கொஞ்ச நாளில் அவளே, தான்தான் மாற்றி அடித்திருப்பேன் என்று சொல்லத் தொடங்கினாள். இப்போது வாசல்படி தாண்டுவதில்லை. கீபோர்டு சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

பாபநாசத்தில் இருந்தவளின் சர்டிபிகேட் அன்றைக்கு எப்படி உள்ளே வந்தது என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. உள்ளே வந்தது நான்தான் சார், இந்தத் தாணுமாலையன்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ப்ரியாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அந்த உயிருக்காக அவளை நான் மன்னித்து ரொம்ப நாளாகிறது.