புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு

இல்லம்மா, மொகச் சுருக்கத்துக்கு இன்னிக்கே ஊசி போட மாட்டாங்க. மொதத் தடவைதானே வந்திருக்க? அப்பக் கையை இப்பிடிப் போட்டுப் பிசையாத. மொத நாள் வெறும் பேச்சுதான். கதவுல பேரு போட்டிருக்கு பாரு, சினாரா டாக்டரு, அவங்க அப்பிடித்தான். ரெண்டு வாரம் முன்னாடி நானும் இதே நாற்காலியிலதான் ஒக்காந்திருந்தேன். எங்க ஊரு தொக்மோக்லருந்து மொத வேனைப் புடிச்சு பிஷ்கெக் வந்து எறங்கி, பல்லுப் புடுங்க வந்தவ மாதிரி கதவையே பாத்துக்கிட்டு. உள்ள என்ன நடக்கும்னு சொல்றதுக்கு ஒரு நாதி இல்ல. அதான் ஒனக்கு நானாவது சொல்லலாம்னு. வாயை மூடுன்னா மூடிக்கிறேன்.

சரி, கேளு. மொதல்ல ஒரு காகிதம் குடுப்பாங்க. என்ன மாத்திரை திங்கிற, ஒடம்புக்கு எது ஒத்துக்காது, ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்குறியா, ஒதட்டுல கொப்புளம் வருமா, அம்புட்டும் கேட்டிருக்கும். புள்ள உண்டாயிருக்கியான்னு வேற. எனக்கு அம்பத்தொம்பது வயசு. அந்தக் காகிதம் குடுத்த பொண்ணுகிட்ட, ஒன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்டின்னேன். சிரிக்கவே இல்ல அது. அப்புறம் மொகத்தைக் கழுவச் சொல்லுவாங்க. நீ போட்டிருக்கிற மையி, பவுடரு எல்லாம் போயிரும். போவட்டும், அவங்க பாக்காத மொகமா? சன்னல் பக்கமா நிக்க வச்சுப் போட்டோ எடுப்பாங்க. நேரா ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. சிரிக்கக் கூடாது. அம்புட்டு அசிங்கமா நான் எந்தப் போட்டோவுலயும் இருந்ததில்ல, பாஸ்போர்ட்டையும் சேத்துத்தான் சொல்றேன்.

அதுக்கப்புறந்தான் டாக்டரு. கையில ஒரு கண்ணாடியக் குடுத்து, எது ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கு, நீங்களே தொட்டுக் காட்டுங்கம்பாங்க. அவங்களா இது தொங்குது, அது சுருங்குதுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. நல்ல மனுசி. அப்புறம் புருவத்தைத் தூக்குங்க, கோவமாப் பாருங்க, கண்ணை இறுக்க மூடுங்க, பல்லுத் தெரியச் சிரிங்கன்னு ஒரே கூத்து. வெள்ளப் பென்சிலை வச்சு அங்கங்க புள்ளி வைப்பாங்க. சில கோடு மொகம் அசைஞ்சாத்தான் வருமாம். சில கோடு சும்மா இருந்தாலும் போவாதாம். ஒனக்கு அசைஞ்சா வர்றதுதான், கவலைப்படாத. என்ன, நாப்பது இருக்குமா? முப்பத்தி மூணா! அட, கோவிச்சுக்காத தாயி, இங்க வெளிச்சம் சரியில்ல.

வெயில்ல நிப்பீங்களான்னு கேட்டாங்க என்னைய. முப்பது வருசமா சந்தையில கம்பளிக் காலுறை விக்கிறவ நான். வெயில்லயும் நிப்பேன், பனியிலயும் நிப்பேன், நிக்காம யாரு சோறு போடுவா? அதுக்குன்னு ஒரு களிம்பைச் சொல்லிப் பத்து நிமிசம் புத்தி சொன்னாங்க. ஒனக்கும் சொல்லுவாங்க, தலையாட்டிக்க.

நான் எல்லாத்தையும் வேணாம்னுட்டேன். கண்ணு ஓரத்துல இருக்கிறது இருக்கட்டும், கன்னத்துல, கழுத்துல இருக்கிறதும் இருந்துட்டுப் போவட்டும். இந்தா, இது. கிட்ட வந்து பாரு. ரெண்டு புருவத்துக்கும் நடுவுல, நெட்டுக்குத்தா ரெண்டு கோடு. இது மட்டும் போவணும்னேன். செவந்து கெடக்கா? தெரியுதா ஒனக்கு? அடக் கடவுளே. ரெண்டு தடவை பவுடரை வச்சு அமுக்கினேனே. தோலு புண்ணா இருந்தா ஊசி போட மாட்டேன்னு திருப்பி அனுப்பிருவாங்கம்மா. காலையிலருந்து நான் கண்ணாடியை எடுத்து எடுத்துப் பாக்குறது அதுக்குத்தான். எப்பிடியாச்சுன்னு சொல்றேன், இரு.

டாக்டரு ரெண்டு வெரலை வச்சு அந்த எடத்தை இப்பிடி இழுத்துப் புடிச்சுக்கிட்டு, கண்ணாடியப் பாருங்கன்னாங்க. ஊசி போட்டாச் சுமாரா இப்பிடி இருக்கும், முழுசாப் போவாது, கோடு ஆழமா விழுந்துருச்சுன்னாங்க. உள்ள எதையாச்சும் வச்சு நெரப்புங்களேன்னேன். அந்த எடத்துல நெரப்புறது ஆபத்து, கண்ணுக்கே கெடுதல் வரும், நான் பண்ண மாட்டேன்னுட்டாங்க. ஊசி மட்டுந்தான். அதுவும் போட்ட ஒடனே தெரியாதாம், ஒரு வாரம் பத்து நாள் ஆவுமாம். மூணு மாசம், மிஞ்சிப் போனா நாலு மாசம் நிக்குமாம். எமை கொஞ்சம் தொங்கினாலும் தொங்குமாம், அது தன்னால சரியாயிருமாம். இன்னொண்ணு, கோவம் வந்தாலும் நெத்தி சுருங்காதாம். நல்லதாப் போச்சுன்னேன்.

எல்லாஞ் சொல்லி முடிச்சுட்டு, கடைசியா ஒண்ணு கேட்டாங்க. யாருக்காகப் பண்ணிக்கிறீங்கக்கான்னு.

ஒன்னையும் கேப்பாங்க. பதிலைத் தயாரா வச்சுக்க. நான் சட்டுன்னு மகன் கல்யாணம்னேன். எனக்கு மகனே கெடையாது, ரெண்டும் பொண்ணு, ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு. கல்யாணம் என்னைக்குன்னாங்க. வர்ற வாரம்னேன், இல்ல அடுத்த மாசம்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. ஒங்களுக்காகன்னாப் பண்றேன், யாரோ ஒருத்தர் மனசுல எடம் புடிக்கன்னா இந்த ஊசியால அது ஆவாது, ரெண்டு வாரம் யோசிச்சுட்டு வந்து சொல்லுங்கன்னாங்க. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இன்னிக்கு வந்திருக்கேன். ஒழுங்காச் சொல்லலேன்னா இல்லேன்னுருவாங்க. வேன்ல வர்ற வழி பூரா சொல்லிச் சொல்லிப் பாத்தேன், ஒண்ணும் தேறல.

புருசனுக்கா? நல்லாக் கேட்ட போ. நான் மூக்கே இல்லாம வந்து நின்னாலும் இன்னிக்கு என்ன சமையல்னு கேக்குற ஆளு அவரு.

எங்க அம்மாவுக்காகம்மா.

அம்மாவுக்கு எம்பத்திரெண்டு. தம்பி குடும்பத்தோட ரஷ்யாவுல, கஸான்ல இருக்கான், அதனால மூணு குளிர்காலமா எங்கூடத்தான். மொதல்ல அடுப்பை அணைச்சமான்னு மறந்துச்சு. அப்புறம் கெழமை மறந்துச்சு. அப்புறம் எங்க அப்பா செத்துப்போனதே மறந்து, மனுசன் ஆட்டை ஓட்டிக்கிட்டு இன்னும் வரலியேன்னு வாசல்ல நிக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். போன வசந்த காலத்துல ஒரு நாள், நான் சந்தையிலருந்து வந்து கதவைத் தொறக்குறேன், அம்மா பதறிப்போய் எந்திரிக்குது. தலையில முக்காடை இழுத்துச் சரி பண்ணிக்கிட்டு, முட்டியில கையை ஊனி எனக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லுது. புது மருமவ மாமியாளுக்குக் குனியுமே, அப்பிடி. எழுந்து நிக்கவே சொவத்தைப் புடிக்கிற பொம்பள. அடுப்பு பத்த வச்சுட்டேன் அத்தை, டீ கொதிச்சுருச்சு அத்தைன்னு கிண்ணத்துல ஊத்துது, பாதி கீழ போவுது.

அம்மா, நான் உம்சுனாய், ஒம் பொண்ணுன்னு சொல்லிக்கிட்டே கிட்டப் போனேன். ரெண்டு கையையும் தூக்கித் தலையப் பொத்திக்கிச்சு.

கண்ணாடியில என்ன தெரியுதுன்னு டாக்டரு கேட்டப்ப, எங்க அப்பத்தா தெரியுதுன்னேன். எல்லாரும் இதான் சொல்றாங்கன்னு சிரிச்சாங்க. நான் நெசமாத்தான் சொன்னேன். எங்க அப்பாவைப் பெத்தவ. சின்னதுலயே எல்லாரும் அப்பிடியே அப்பத்தா மொகம்பாங்க, எனக்குப் பெருமை பிடிபடாது. எம்மேல அம்புட்டு உசுரு அதுக்கு. மடியிலயே வச்சுருக்கும், மடிச் சுருக்கத்துலருந்து கல்கண்டு எடுத்து வாயில போடும். அப்பத்தா புருவத்தைச் சுருக்குனா வீடே கப்சிப்னு அடங்கும். என்னையப் பாத்து மட்டும் சுருக்காது. எனக்கு அதுவும் பெருமைதான். இந்தக் கோடு ரெண்டும் இருக்கே, அளவெடுத்து வச்ச மாதிரி அதே எடம்.

எங்க அம்மா அப்பத்தாவைப் பத்தி ஒரு நாளு ஒரு சொல்லு சொன்னதில்லம்மா. அப்பத்தா செத்தப்ப எல்லாரையும் விட அதிகமா அழுதது எங்க அம்மாதான். இப்பத்தான் ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாக்குறேன். எனக்குத் தலை பின்னும்போதுகூட முதுகைக் காட்டி ஒக்கார வைக்கும். எல்லா அம்மாவும் அப்பிடித்தான் பின்னுவாங்க, ஆமா, நீ சொல்றது சரிதான். ஆனா எனக்கு இப்ப எதைப் பாத்தாலும் சந்தேகமா இருக்கு.

பயந்தாக்கூடப் பரவால்லன்னு விட்டுருப்பேன். சாப்பிட மாட்டேங்குது. மாமியா சாப்பிடுறதுக்கு முன்னாடி மருமவ வாயில வைக்கலாமா, நீயே சொல்லு. அந்தக் காலத்துல வைக்க முடியுமா? நான் கரண்டியக் கொண்டு போனா, நீங்க சாப்பிடுங்க அத்தை, நான் அப்புறம்ங்குது. நான் சாப்பிட்டுட்டேன்னு சொன்னா, நான் அப்புறம் அத்தைங்குது. எதுக்க ஒக்காந்து தின்னு காட்டினேன். பாத்துக்கிட்டே இருந்துட்டு மிச்சத் தட்டைக் கழுவ எடுத்துட்டுப் போவுது. முக்காட்டை எறக்கி நெத்திய மறைச்சுப் பாத்தேன், அப்பத்தாவும் அப்பிடித்தான் கட்டும் போல, அன்னைக்கு மூலையில போய் ஒடுங்கிக்கிச்சு. பக்கத்து வீட்டு ஹலிமா வந்து ஊட்டினா வாங்கிக்குது. அவளுக்கும் வீடு வாசல் இருக்கு, ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் வர முடியும். ஒடம்பு காத்தாப் போச்சும்மா. தூக்கி ஒக்கார வச்சா என் கைக்கு ஒண்ணுமே தெரியல.

டாக்டரு அன்னைக்கு வெரலை வச்சு இழுத்துக் காட்டினாங்கன்னேன்ல? வீட்டுக்குப் போறப்பவே மருந்துக் கடையில பிளாஸ்திரி வாங்கிட்டேன். புருவத்துக்கு நடுவுல தோலை நல்லா இழுத்து, பட்டையா ஒட்டிக்கிட்டு, கஞ்சிக் கிண்ணத்தோட போய் நின்னேன். அம்மா என்னையே பாத்துச்சு. என்னடி உம்சுன், எங்க போய் மண்டைய ஒடைச்சுக்கிட்டு வந்தேன்னுச்சு. பள்ளிக்கூடத்துல பாடம் எழுதுனியான்னுச்சு. எழுதிட்டேம்மான்னேன். வாயைத் தொறந்துச்சு. அரைக் கிண்ணம். அரைக் கிண்ணம் குடிச்சுச்சு, தெரியுமா!

பத்து நாளு அப்பிடித்தான் ஓட்டுனேன். அடுப்புக்கிட்ட நின்னா வேர்த்து ஒரு பக்கம் பிரிஞ்சுக்கும், திரும்பவும் முக்காடு, திரும்பவும் அத்தை. ஓடிப் போய் வேற ஒட்டிக்கிட்டு வருவேன். தோலு உரிஞ்சு போச்சு, நாலு நாளா ஒட்ட முடியல. அந்தச் செவப்புதான் இது. இதைப் பாத்து இன்னிக்கு வேணாம்னுட்டா, ஊசி போட்டுப் பத்து நாள் ஆவணும்னு வேற சொன்னாங்களா, அது வரைக்கும் எங்க அம்மா தாங்காதும்மா. நாலு மாசந்தான் நிக்கும்னு டாக்டரு என்னமோ கொறையா சொன்னாங்க. எனக்கு நாலு மாசம் போதும்.

அழாத. உள்ள போனா கண்ணு வீங்கியிருக்கேம்பாங்க, போட்டோவுல நல்லாருக்காது.

உம்சுனாய்னுதானே கூப்பிட்டாங்க? ஆமா, நாந்தான். வர்றேம்மா, ஒரு நிமிசம். இந்தா, இந்தப் பவுடரை நீ வச்சுக்க, கழுவத்தானே சொல்லப் போறாங்க. என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட? அம்மா சாப்பிடணும்னு சொல்லட்டுமா? அது நெசந்தான், ஆனா முழுசும் அது இல்ல. கடைசியா பிளாஸ்திரி ஒட்டியிருந்த அன்னைக்கு, கஞ்சியக் குடிச்சு முடிச்சுட்டு அம்மா என் கையப் புடிச்சுக் கிட்ட இழுத்து, காதுல சொல்லுச்சு. நான் சாப்பிட்டேன்னு அப்பத்தாகிட்டச் சொல்லிராதடி உம்சுன்னு.

தம்பி வயித்துல இருந்தப்ப நெசமாவே நடந்தது அது. அம்மா கதவுக்குப் பின்னாடி நின்னு ரொட்டியில பாலாடையத் தடவி அவசர அவசரமாத் தின்னுக்கிட்டிருந்துச்சு. என்னையப் பாத்துட்டு இதே மாதிரிதான் காதுல சொல்லுச்சு. எனக்கு ஆறு வயசு. நேரா ஓடிப் போய் அப்பத்தா மடியில ஏறிச் சொல்லிட்டேன். கல்கண்டு குடுத்துச்சு, பெரிய துண்டு. வெளிய போய் வெளையாடுன்னு அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.

வந்துட்டேம்மா, இதோ. இந்தத் தடவை சொல்ல மாட்டேன்னு அதுகிட்ட நான் சொல்லணும். அதுக்கு அது என் மொகத்தைப் பாக்கணுமே.