ஐந்து மூட்டை விதைச்சாமை

மாதேஸ்வரன், மிளகு ரசம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. என் இருபத்தைந்து வருட வாத்தியார் வேலைக்குப் பாராட்டு மலர் போடுகிறீர்கள். நாடுகளுக்கிடையே நடக்கும் வணிகத்தை நம் பக்கத்தில் முதன்முதலாகப் பாடமாக நடத்தியவர் என்று எழுதப்போவதாகச் சொன்னீர்கள். அந்தப் பெயர் எனக்குக் கொல்லிமலையில், எடப்புளி நாடு என்கிற மலைப்பகுதியில், முப்பது வீட்டு ஊர் ஒன்றில் விளைந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

1936இல் காளப்பநாயக்கன்பட்டி மிளகு வியாபாரி அப்துல் சுக்கூரோடு மலையேறினேன். அந்த ஊரார் சாமையும் கேழ்வரகும் விதைத்து, ஓரத்தில் கொஞ்சம் மிளகுக்கொடி விட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எவன் எதை நன்றாக விளைவிக்கிறானோ அதை மட்டும் விளைவித்து, மற்றதை வாங்கிக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் முதல் நாள் சங்கதி அது. காடு முழுக்க மிளகு போடுங்கள், அரிசி ரங்கூனிலிருந்து கப்பலில் வரும் என்றேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம். விதைத் தானியத்தைக் குதிரில் கொட்டி, வாயை மண்ணால் பூசிவிடுவார்கள். பட்டினி கிடந்தாலும் அதில் கைவைக்க மாட்டார்கள். சும்மா கிடக்கிற சரக்கு, உடைத்துத் தின்னுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் தயங்கினார். “ஏனுங்க சாமி, கப்பலு வரலீன்னா?”

“வராதென்று தெரிந்தால் நானே முதலில் கடிதம் போடுவேன். அதுவரை பயப்படாதீர்கள்.”

“வாத்தியாரு சொன்னாச் சரிங்க.”

அவர் மனைவி பாவாயி குதிரின் வாயை உடைத்து, அந்தச் சாமையிலேயே எனக்குச் சோறு பொங்கிப் போட்டார். நன்றாகவே இருந்தது.

காடு காடாகக் கொடியேறியது. நாற்பதாம் வருடம் எல்லா வீட்டிலும் அரிசிச் சோறு. என் புத்தகம் அதைப் பற்றியதுதான்.

1942 மாசியில் சுக்கூர் எழுதினார்: “ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துட்டான், ரங்கூன் அரிசி நின்றுபோச்சுங்க. முள்ளுக்குறிச்சியில் விதைச்சாமை ஐந்து மூட்டை பிடித்து வைத்திருக்கிறேன், சும்மாவே கொடுக்கிறேன். கொடியை வெட்டி விதைக்கச் சொன்னால், வாத்தியார் எழுதட்டும் என்கிறார்கள். ஒரு வரி எழுதிப் போடுங்க.”

நான் எழுதவில்லை. ஆடியில் பேராசிரியர் பதவிக்கு ஆளெடுத்தார்கள். என் கையில் இருந்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான். கொடியை வெட்டிவிட்டார்கள் என்று எவனாவது வாய்திறந்தால் அது குப்பைக்குப் போய்விடும். கொஞ்ச நாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது என்று நினைத்தேன். பதவி கிடைத்தது. அதற்குள் விதைப்புக்காலம் போய்விட்டது.

தையில் போய்ப் பார்த்தேன். பதினோரு பேர் செத்திருந்தார்கள், பாவாயியும்தான். வீட்டுக்கு வீடு மிளகு குவிந்து கிடந்தது; அதைக் கொடுத்து வாங்க அரிசிதான் எங்கும் இல்லை. மிளகைத் தின்று யாரும் பிழைக்க முடியாது.

கருப்பண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து என்னைக் கும்பிட்டார். “உங்களுக்குக் கடுதாசி போட்டேன்னு பாய் சொன்னாருங்க சாமி. வந்துச்சுங்களா?”

“இல்லையே” என்றேன்.

நம்பிவிட்டார். விதையைக் கையில் வைத்துக்கொண்டே எங்களைச் சாகவிட்டான், கடிதம் போட்டதாகப் பொய்யும் சொன்னான் என்று ஊரார் சுக்கூரை மலையில் கால்வைக்க விடவில்லை. இன்றைக்கும் விடுவதில்லை. சுக்கூரின் மனைவி ரஹ்மத் பீவி வருடம் ஒரு கடிதம் போடுகிறார். “அவரு வெளியே தலைகாட்டவே முடியலீங்க. கடுதாசி கெடச்சுதுன்னு ஒரு வரி ஊருக்கு எழுதுங்க.”

மாதேஸ்வரன், சுக்கூர் பொய் சொல்லவில்லை. அந்தப் பதினோரு பேரையும் கொன்றவன் நான். சுக்கூரின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மலரின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஆனால் மலரை மட்டும் வைகாசிக்குப் பிறகு கொண்டுவாருங்கள். துணைவேந்தர் பதவிக்கு என் பெயர் அடிபடுகிறது. கொஞ்ச நாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது.