ஸ்பிரிட் காப்பாற்றிய நொதி

மேடையில் வீற்றிருக்கும் ஆய்வக இயக்குநர் சாய்நாத் அவர்களே, மயிலாப்பூரிலிருந்து வந்திருக்கும், மறைந்த அம்மையாரின் குடும்பத்தாரே, கடிகாரத்தைப் பார்த்தபடி துக்கம் காக்கும் சக ஊழியர்களே!

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அடக்கியதை ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன்.

முனைவர் ஜெயலக்ஷ்மி அம்மையாரை ‘இந்த ஆய்வகத்தின் ஒளிவிளக்கு’ என்று சற்றுமுன் ஒருவர் புகழ்ந்தார். அந்த விளக்கைப் பதவி உயர்வே தராமல் மூலையில் வைத்தது யார்?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செரிமான நொதியை நீரில் கரைத்து, காமாக் கதிருக்குக் காட்டினோம். அப்போது கதிர் பெரும்பாலும் நொதியை நேராகத் தாக்குவதில்லை. சுற்றியுள்ள நீரை உடைக்கிறது. அந்த நீர்த்துணுக்குகள்தாம் நொதியைச் சிதைத்துச் செயலிழக்க வைக்கின்றன. எங்கள் நொதியோ அசையவில்லை! கதிரை வென்ற நொதி என்று துள்ளினோம். சாய்நாத்தும் நானும் கட்டுரை வெளியிட்டோம். அம்மையார் தம் பெயரைச் சேர்க்க மறுத்தார். தாமே குழாய்களைக் கழுவிச் சோதித்தார். நொதி செத்தது. நேரே குழாய் கழுவும் வடிவேலுவிடம் போனார். நானும் உடனிருந்தேன்.

“டியூபையெல்லாம் எப்படிப்பா அலம்பறே?”

“தண்ணில கழுவிட்டு, கடசியா ஸ்பிரிட்டு ஊத்திக் கவுத்துடுவேன் மேடம். சீக்கிரம் காயும்ல? அல்லாரும் அவசரம் அவசரம்னு உயிர எடுத்துக்கினு கீறீங்களே!”

அம்மையார் சிரித்துவிட்டார். “உன் பேர்ல தப்பில்லே. உன்னை ஒருத்தரும் கேக்கலையே.”

குழாயில் தங்கிய ஸ்பிரிட் அந்த நீர்த்துணுக்குகளின் அடியைத் தானே வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான் எங்கள் கண்டுபிடிப்பு!

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார். “பார்க்கலாம் மேடம்” என்றார் சாய்நாத், பார்த்துக்கொண்டே இயக்குநரானார். நான்? பதவி உயர்வு வருமென்று வாயை மூடிக்கொண்டேன். அதுவும் வரவில்லை! அந்தக் கட்டுரையை நம்பி இன்றும் மாணவர்கள் ஆண்டுகளைத் தொலைக்கிறார்கள்.

மருத்துவமனையில் அம்மையார் என்னிடம் கடைசியாகக் கேட்டது: “வாபஸ் வாங்கிட்டேளா?” மருந்து சாப்பிட்டீர்களா என்று நான் பேச்சை மாற்றினேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சூளுரைத்தீர்கள். எந்தப் பணியை? இதோ, கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம். என் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். சாய்நாத் அவர்களே, மலர் தூவ எழுந்து வருவீர்கள் அல்லவா? அம்மையார் படத்தின் முன்னால் இதை வைக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும், நாளைக் காலை கட்டுரை வந்த இதழுக்கு இது போய்விடும்.