ரிச்சர்டுக்கு அப்பா என்ன எழுதினார்

— நீயே பிரிண்ணே. நான் தொட மாட்டேன்.

— இரு இரு, கண்ணாடி போட்டுக்கறேன். உயிலை வாங்கி வச்சிருந்த நொத்தேர் ஆபீஸ்லயே படிச்சிருக்கலாம் மேரி. வீட்டுலதான் பிரிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னே.

— அந்த ஆளு முன்னாடி நான் அழுவணுமா? அப்பா போயி முப்பதாம் நாள் பூசை கூட ஆவல.

— சரி சரி. நாலு பக்கம், எல்லாம் அவர் கையாலயே எழுதியிருக்காரு. அந்தக் காலத்து பிரான்சு முறை. "தேவ கிருபையால் நல்ல நினைவோடு இருக்கும் சமையல்காரன் ஜோசப் ஆனந்த் எழுதும் உயில்."

— மாதாவே! ஹாஸ்டல் வேலைய விட்டு இருவது வருஷம் ஆச்சு, இன்னும் சமையல்காரனா?

— "இது வாடகை வீடு. ஆகையால் வீட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தேக்குக் கட்டில் மூத்தவன் தனிஸ்லாசுக்கு. மெத்தை வேண்டாம், எரித்துவிடவும். நாறுகிறது."

— வாரா வாரம் வெயில்ல போட்டு எடுத்தேன், நாறுதாமே!

— உனக்கும் இருக்கு, கேளு. "விளிம்பு நெளிந்த குண்டான் மகள் ஞானமேரிக்கு. கோபம் வந்தால் அதைத்தான் டங்கென்று வைப்பாள். இனிமேலும் வைக்கட்டும்."

— எல்லாத்தையும் பாத்துட்டுதான் படுத்திருந்தாரா?

— "குடை கீழ்வீட்டு கோவிந்தசாமிக்கு. அது அவருடையதுதான். திருப்பித் தர மறந்துவிட்டேன்."

— சிரிக்காதண்ணே. ரிச்சர்டுக்கு என்னன்னு பாரு.

— வரும் இரு. "ரேடியோ பேத்தி ஜாஸ்லினுக்கு. கறுப்புக் கோட்டு கோவிந்தசாமி மகன் விக்ரமுக்கு. கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளட்டும்."

— கறுப்புக் கோட்டா? தம்பி பாரிசுலேர்ந்து அனுப்பினதாச்சே! நம்மளக் கூடத் தொட விட மாட்டாரே.

— அவசரப்படாத. இன்னும் ஒரு பக்கம் இருக்கு.

— இனிமே என்ன இருக்கு? தம்பி நம்மள மறந்துட்டான்னு நெனச்சுட்டாரு. ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், "ரிச்சர்டு போன் பண்ணான்ப்பா, நீங்க தூங்கிட்டிருந்தீங்க"ன்னு பொய் சொன்னேன். ஏன் என்னை எழுப்பலன்னு ஒரு நாளாவது கேட்டாரா?

— வேற என்ன பண்றது மேரி? வேலை செய்யற எடத்துலயே தம்பி விழுந்து செத்துட்டான், பாரிசுலயே பொதைச்சுட்டாங்கன்னு எப்படிச் சொல்றது? அப்ப அவரே நெஞ்சுல தையலோட ஆஸ்பத்திரில கெடந்தாரு. நாந்தான் சொல்ல வேணாம்னேன்.

— அன்னிக்கு வேணாம், சரி. அப்புறம்? ஒரு பொய்ய மறைக்க வாரத்துக்கு ஒரு பொய். கடைசில செத்துப்போன புள்ளைய, அப்பன்கிட்டப் பேசாத புள்ளையா ஆக்கிட்டோம். அப்பா அவன வெறுத்துட்டே கண்ண மூடியிருந்தா, அந்தப் பாவம் என்னோடதுதாண்ணே. என்னால தாங்க முடியல.

— அழுவாத. இதோ கடைசிப் பக்கம்.

— தம்பி பேரு இருக்கா?

— இருக்கு.

— திட்டியிருக்காரா? மறைக்காம படி.

— "ரிச்சர்டுக்கு எதுவும் எழுதவில்லை. போன வாரம் கல்லறைத் திருநாள். இறந்தவர்கள் பெயரைக் கோயில் ஸ்பீக்கரில் வாசித்தார்கள். படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். ரிச்சர்ட் ஆனந்த், பாரிஸ் என்று வாசித்தார்கள்."

— யேசுவே! பேரு எழுதிக் குடுத்தது நாந்தாண்ணே. அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசையாவது வேணாமான்னு குடுத்தேன். சாமியாருதானே மெல்ல வாசிப்பாருன்னு இருந்துட்டேன். ஸ்பீக்கர் போட்டது எனக்குத் தெரியாதே!

— அப்போ அப்பாவுக்கு எல்லாம்...

— மேல படி.

— என்னால முடியல மேரி. நீயே படி.

— குடு. "வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் இதில் எழுதுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. ரிச்சர்ட் போன் செய்தான் என்று ஞானமேரி சொன்னாள். நன்றாக இருக்கிறானா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறான் அப்பா என்றாள். பொய் என்று தெரியும். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்."