நேற்றைய அறிக்கை

ஐயா,

இணையத்தில் ஒரே ஃபைலை இரண்டு பிரவுசரில் இறக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். ஒரு பிரவுசர் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் புதிதாகக் கேட்டு வாங்கும். இன்னொன்று, இந்த முகவரியிலிருந்துதான் நேற்றே வாங்கி வைத்திருக்கிறோமே என்று கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். அதைக் குறை சொல்ல முடியாது. புதிதாகத்தான் கேட்க வேண்டும் என்று சர்வரில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனைக்கு இரத்தப் பரிசோதனை அறிக்கைகளை இறக்கும் பக்கத்தை அமைத்தவன் நான். நர்ஸ் இசக்கிச்செல்வி ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ரிப்போர்ட்டக் கேட்டா நேத்துள்ளதே வருது."

"இங்கன சரியாத்தான் வருது. நீ பழசத் தொறந்திருப்பம்மா."

"எனக்கென்ன கண்ணு பொட்டையா? அப்பம் உங்க கம்ப்யூட்டரத் தூக்கிட்டு வந்து எங்க வார்டுல வையிங்க."

சிரித்தேன். அன்றே உரிமையாளர் டாக்டர் குமரகுருபரனுக்கு, பிழை நம் பக்கம் இல்லை, நர்ஸின் கவனக்குறைவு என்று முறைப்படி கடிதம் எழுதினேன். அதன்பிறகுதான் வார்டில் இருக்கும் அதே பிரவுசரில் சோதித்தேன். செல்வி சொன்னது சரி.

ஒரு வரி போதும். ஆனால் எந்தத் திருத்தமும் தேதியோடு பதிவாகும். டாக்டர் அதைப் பார்ப்பவர். என் கடிதம் பொய்யென்று ஆகிவிடும். வேறு வேலையோடு சேர்த்துப் பையச் செய்துகொள்ளலாம் என்றிருந்தேன்.

இதற்குள் டாக்டர் செல்வியைக் கூப்பிட்டு, இனி கம்ப்யூட்டரைக் குறை சொன்னால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அவளும் திரையை நம்பப் பழகினாள்.

ஒன்பதாம் நாள், காசிலிங்கம் என்ற மில் தொழிலாளியின் அறிக்கையை இறக்கினாள். பெயர் சரி, எண் சரி, சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. அது முந்தின நாளுடையது. அன்றைக்கு எழுபதுதான். இன்சுலின் போட்டாள். அவர் பிறகு கண் விழிக்கவில்லை.

அன்று மாலையே அந்த வரியைச் சேர்த்தேன். பதிவேட்டில் 'எழுத்தின் அளவு மாற்றம்' என்று குறித்தேன். முதல் நாளே இப்படிக் குறித்திருக்கலாம், தோன்றவில்லை.

நிபுணர் என்று போலீஸ் என்னையே அழைத்தது. அவர்கள் முன்னால் எல்லா பிரவுசரிலும் இறக்கிக் காட்டினேன். எல்லாவற்றிலும் அன்றைய அறிக்கையே வந்தது. கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வழக்கு செல்வி மேல்; இப்போது அவள் தன் ஊரான விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் ஏறி வாய்தாவுக்கு அலைகிறாள்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டதில் எனக்கு நிம்மதி. கார்த்திகையில் தீர்ப்பு என்கிறார்கள். தை பிறந்ததும் என் மகளுக்குக் கல்யாணம். அது நல்லபடியாக முடிந்த மறுநாளே இதை உங்கள் கோர்ட்டுக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன். இடையில் மார்கழி ஒரு மாதம்தான். செல்வி பொறுமையான பிள்ளை.