மற்றப் பக்கத்தால் வந்த சன்னம்

ஒரு தொலைபேசிப் புத்தகம் தண்ணீரை முழுதாகக் குடித்து முடிக்க இரண்டு நாள் எடுக்கும். மெல்பேர்ன் புத்தகம் தடிப்பு, அதற்கு மூன்று நாள். அவசரப்பட்டு முதல் நாளே வெளியே எடுத்தால் நடுப்பக்கங்கள் காய்ந்தே இருக்கும். காய்ந்த தாள் சன்னத்தை வேறு விதமாகப் பிடிக்கும். என் பரிசோதனைகள் எல்லாம் நன்றாக ஊறிய புத்தகங்களில்தான் செய்யப்பட்டன. இது முதலில் பதிவாகட்டும்.

திரு. சடகோபன் அவர்களே, இந்த வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கப் போகிறவர் நீங்கள் என்று பொலிஸ் சார்ஜன்ட் சொன்னார். நீங்கள் வங்கியில் வேலை பார்ப்பவர், இறைச்சி தொடாதவர், எனவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் துப்பாக்கி என்பதை நாங்கள் யாழ்ப்பாணத்தார் துவக்கு என்போம். அதிலிருந்து பறந்து போகும் ஈயத்துண்டு சன்னம். சன்னமும் வெடிமருந்தும் பித்தளைக் கோதும் சேர்ந்த முழுப்பொருள் ரவை. மற்றதெல்லாம் போகப்போக விளங்கும். உண்மையில் இது மிக அழகான விஷயம். கணக்குத் தெரிந்த உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

என் நண்பர் டொக்டர் நித்தியானந்தன் கடந்த மே மாதம் வேட்டையில் இறந்தார். மரண விசாரணை அதிகாரி எழுதிய முடிவு மூன்று பக்கம். அதில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் நான் மறுக்கிறேன். “துவக்குப் பாவனையாளர் யோகேஸ்வரன், அனுபவக் குறைவினால், மான் வேட்டைக்குப் பொருந்தாத சன்னத்தைத் தெரிவுசெய்தமையால் நேர்ந்த விபத்து.” இது 1977ஆம் ஆண்டின் அரசாங்கக் கோப்பில் என் பெயரோடு என்றைக்கும் கிடக்கும். அதை வெட்டச் சொன்னால் மிச்ச ஆயுளை உள்ளே கழிக்க வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். யோசித்துத்தான் வந்திருக்கிறேன்.

நான் மெல்பேர்னை ஒட்டிய டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் அச்சுகள் கடைகிறவன். தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் அந்தத் துண்டை எறிந்துவிடுவோம். அப்படிப்பட்டவனுக்குக் கடையில் பெட்டியாக விற்கும் ரவை எப்படிப் பிடிக்கும்? ஆகவே கராஜில் ஒரு அழுத்துபொறியைப் பூட்டி, நானே ரவை செய்யத் தொடங்கினேன். சுட்ட கோதைப் பழைய அளவுக்கு அழுத்தி, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பொறிமூடி வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, சன்னத்தைச் செருகும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். புதுக் கதவு பூட்டிக்கொள்வது போல. ஒரு சனிக்கிழமையில் நூறு முறை அந்தச் சத்தத்தைக் கேட்டால் மனிதனுக்கு வேறு சந்தோஷம் தேவைப்படாது.

என்னுடையது நீளத் துவக்கு. ஆனால் அது சுடுவது கைத்துப்பாக்கி ரவை, நாற்பத்துநாலு மக்னம். பாரமில்லாதது, அடர்ந்த காட்டில் தூக்கித் திரியச் சுகமானது. இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. கைத்துப்பாக்கியின் குழல் ஒரு சாண். என்னுடையது இரண்டு சாணுக்கு மேல். நீண்ட குழலுக்குள் மருந்து கூட நேரம் தள்ளும், ஆகவே சன்னம் இன்னும் வேகமாகப் போகும். கைத்துப்பாக்கி வேகத்துக்கென்று செய்த மென்மையான சன்னம் இந்த வேகத்தில் மானின் தோலைத் தொட்டதுமே காளான் போல விரிந்து, உள்ளே போகாமல் நின்றுவிடும். கடினமான சன்னம் விரியாது. நேராகப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எது சரி? வேட்டைக்காரனுடைய மூளைக்கு இதைவிட இனிமையான கேள்வி கிடையாது.

முனையும் தட்டையாக இருக்க வேண்டும். என் துவக்கில் ரவைகள் ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. கூர்முனை வைத்தால் அது முன்னால் நிற்கும் ரவையின் பொறிமூடியில் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்க வைக்கும். இந்தப் பாதுகாப்பைக்கூட நான் ஒருநாளும் மறந்ததில்லை. அனுபவக் குறைவு என்கிறார்கள்.

நித்தியர் பட்டணத்து வைத்தியர். தொலைநோக்கி பூட்டிய பெரிய துவக்கு வைத்திருந்தார், பெட்டி ரவை வாங்கினார். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீடுகளில் மாறி மாறி நடக்கும் கூட்டுப் பிரார்த்தனை முடிந்து, கடலை சாப்பிடும் நேரத்தில், எல்லாரையும் சிரிக்க வைப்பது அவர்தான்.

“ஐசே யோகேஸ், உம்மட விளையாட்டுத் துவக்கால மானைச் சுட்டா மான் திரும்பிப் பாத்து, ஆர் தம்பி சொறிஞ்சு விட்டது எண்டு கேக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குழலின் நீளத்தையும் வேகத்தையும் பற்றி விளக்கினேன். ஒரு பேப்பர் துவாலையில் படம்கூடக் கீறிக் காட்டினேன். அவர் அந்தத் துவாலையில் கையைத் துடைத்தார்.

“சரி, சரி. உம்மட சன்னம் மானின்ர மற்றப் பக்கத்தால வெளிய வந்தா நானே கையில பிடிச்சுத் தாறன்.”

அவருடைய மனைவி சத்தியபாமா, “இஞ்சேருங்கோ, பாவம் அந்த மனிசன், விடுங்கோ” என்றார். அந்தப் ‘பாவம்’ எனக்கு வேலையைத் தொடக்கித் தந்தது என்று சொல்லலாம்.

ஒரு பத்திரிகை அச்சகத்தில் பழைய அச்செழுத்துகளை உருக்கி விற்றார்கள். அந்த ஈயத்தில் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்திருக்கும், கல்லுப் போல இறுகும். அதைக் கார்ச் சக்கரத்தில் சமநிலைக்குப் பொருத்தும் ஈயத்தோடு பல விகிதங்களில் கலந்து வார்த்தேன். பதினொரு விகிதம். ஒவ்வொன்றையும் ஊறிய புத்தகங்களில் சுட்டு, எத்தனையாவது பக்கத்தில் நின்றது என்று குறித்தேன். என் மனைவி சிவனேஸ்வரி ஒருநாள் கராஜுக்குள் எட்டிப் பார்த்து, “இந்தப் புத்தகங்களில நம்பர் இருக்கிற சனமெல்லாம் செத்துப் போச்சுது போல கிடக்கு” என்றாள். நன்றாகச் சிரித்தோம். ஒன்பதாவது விகிதம் மிக அருமையானது. ஒரு மானின் தடிப்புக்கு ஈடான புத்தகங்களைத் தாண்டி, அதற்கப்பாலும் இன்னொரு புத்தகம் முழுக்கப் போனது.

ஏப்ரலில் தனியாகப் போய் ஒரு மானைச் சுட்டேன். சன்னம் உள்ளே போன ஓட்டை, வெளியே வந்த ஓட்டை, இரண்டும் ஒரே அளவு. இறைச்சியைப் பங்குபோட்டு எல்லா வீட்டுக்கும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை நித்தியர் வாசலில் வைத்தே தொடங்கினார்.

“கறி நல்லாயிருந்தது ஐசே. ஆனா அந்த மற்ற ஓட்டை ஏற்கெனவே இருந்திருக்கும். வயசுபோன மான்.”

அப்போதுதான் ஒன்று விளங்கியது. ஓட்டை சாட்சியாகாது. ஒரு மானைத் தாண்டிய பிறகும் சன்னத்தில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று காட்ட, மானைப் போன்றே தசையும் எலும்பும் உள்ள இன்னொன்று பின்னால் நிற்க வேண்டும். ஊறிய புத்தகம் தசைக்குக் கிட்டத்தட்டச் சமம்தான். ஆனால் நான் கிட்டத்தட்ட என்ற சொல்லோடு வாழப் பழகியவன் இல்லை.

மே மாதம், மலைப்பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு இருவரும் ஒன்றாகப் போனோம். சின்ன ஓடை, இந்தக் கரையில் நான். அந்தக் கரையில் பெரிய பன்னங்கள், ஆளுயரத்துக்கு வளரும் விரி இலைச் செடிகள், இருந்தன. “நித்தி, அதுக்குப் பின்னால இரும். நான் இஞ்சால பாக்கிறன்” என்றேன். முதல் நாளே வந்து தூரத்தைக் காலால் அளந்து வைத்திருந்தேன், எழுபது அடி. வெயில் ஏறி, எல்லாம் துலக்கமாகத் தெரிந்த நேரம். அவருடைய நீலக் கம்பளிச் சட்டை பன்னங்களுக்கிடையில் நன்றாகத் தெரிந்தது.

மான் வந்தது. ஓடைக்குள் இறங்கி, பக்கவாட்டில் திரும்பி, தோளைக் காட்டி நின்றது. எந்த வேட்டைக்காரனும் விடமாட்டான். நான் விட்டேன், ஏனென்றால் அதன் பின்னால் வெறும் மண். கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. பின்னால் ஒரு மரம். விட்டேன். மூன்றாம் முறையும் விட்டேன். நித்தியர் பொறுக்க முடியாமல் பன்னங்களை விலக்கி எழுந்து, “என்ன ஐசே, ரவை போட மறந்து போனீரோ?” என்றார். மான் தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றது. தோள், அதற்குப் பின்னால் நீலச் சட்டை. நான் கடைகிற எந்த அச்சும் இவ்வளவு நேராக வந்ததில்லை.

விசாரணையில் என் நண்பர்கள் எல்லாரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து சாட்சி சொன்னார்கள். எனக்குத் துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். ஏதோ புத்தகத்தைப் பார்த்து விளையாடுகிறவனாம். தேவாரம் பாடும் அப்பாவியாம். நம்முடைய ஆட்களில் ஒருவனை வெள்ளைக்காரனிடம் பிடித்துக் கொடுக்கக்கூடாது என்று முதல் நாளே கூடிப் பேசியிருக்கிறார்கள். சத்தியபாமாவும் வெள்ளைச் சேலையோடு ஏறி நின்று, “அவருக்கு என்ன தெரியும், பாவம்” என்றார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். கணவனை இழந்த ஒருவர் அவ்வளவு பெருந்தன்மையாக இருப்பது அபூர்வம். நான் நன்றி சொன்னேன். ஆனால் பெருந்தன்மை ஆதாரம் ஆகிவிடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கும் போனேன். அங்கேயும் ஒவ்வொருவராக வந்து தோளைத் தட்டி, பொருந்தாத சன்னம் என்ன செய்யும் என்று எனக்கே விளக்கம் சொன்னார்கள்.

ஆகவே, சடகோபன் அவர்களே, இப்படி எழுதுங்கள். சன்னம் பொருந்தாதது அல்ல. பதினொன்றில் ஒன்பதாவது, மானையும் மானுக்குப் பின்னால் நிற்கும் மனிதனையும் ஒரே நேர்கோட்டில் தாண்டுவதற்காகவே நான் தெரிவுசெய்தது. செய்யச் சொன்னதைச் செய்தது. நித்தியானந்தனை நானே சுட்டேன். அவர்மீது எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சுட்டதும் நான் முதலில் மானிடம்தான் போனேன், ஓட்டையைப் பார்க்க. பிறகு ஓடையைக் கடந்து நித்தியரிடம் போனேன். அவருக்கு அப்போதும் உயிர் இருந்தது, கண் திறந்திருந்தது. குனிந்து, “நித்தி, மற்றப் பக்கத்தால வந்திட்டுது, பாத்தீரோ?” என்று கேட்டேன். அவர் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. எங்கள் ஆட்கள் தலையால் ‘ஓம்’, ஆமாம் என்று சொல்வது அப்படித்தான் என்று வெள்ளைக்காரருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் கவனமாக எழுதுங்கள்: அவர் ஒப்புக்கொண்டார்.